காட்சியும் சேமிப்பும்: கணித மென்பொருள்களில் வரைபு பெறும் இடம்

கணித மென்பொருள்களைப் பற்றித் தமிழில் வெளிவரும் எழுத்துக்கள் பெரும்பாலும் அவற்றை இயக்கும் முறையைக் கற்பிப்பன. அவற்றை மதிப்பிடுவன மிகச் சிலவே. ஒரு நாவலையோ கவிதைத் தொகுதியையோ பல கோணங்களில் நின்று ஆராயும் பல்கலைக்கழகச் சமூகம், தன் மாணவர் நாள்தோறும் கையாளும் கருவியொன்றை அதே கண்டிப்புடன் நோக்குவதில்லை. கருவி நடுநிலையானது; அதன் நன்மை தீமைகளுக்குக் கையாள்பவரே பொறுப்பாளர் என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். இவ்வெண்ணம் முழு உண்மையன்று. கருவியை ஆக்கியோர் எதனை எளிதாக்கினர், எதனை அரிதாக்கினர் என்பதில் ஒரு மதிப்பீடு பொதிந்திருக்கின்றது. அம்மதிப்பீட்டை வெளிக்கொணர்தல் திறனாய்வின் பணியாகும்.

ஒரு சார்பையோ தரவுத் தொகுதியையோ வரைபாக்கித் திரையிற் காட்டுதலும், அவ்வரைபைப் பிற்காலப் பயன்பாட்டிற்காகச் சேமித்தலும் ஒரே செயலின் இரு முகங்கள் போலத் தோன்றுவன. நுணுகி நோக்கின் அவை வெவ்வேறு கடமைகள் என்பது புலனாகும். காட்சி, திரையின் முன் இருப்பவருக்கு உரியது. சேமிப்பு, அங்கு இல்லாதவருக்கு உரியது. அவர் அடுத்த அறையிலுள்ள பரீட்சகராக இருக்கலாம். முப்பது ஆண்டுகளின் பின் அதே ஊரைப் பற்றி ஆராய வரும் இளைஞராகவும் இருக்கலாம். பரவலாக வழங்கும் கணித மென்பொருள்கள் முதலாமவருக்குச் செய்துள்ள தொண்டு பெரிது. இரண்டாமவருக்கு அவை செய்துள்ளது யாது என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

பளையின் காற்று

வினாவைப் பொதுப்படையாக விட்டுவிடாது ஓரிடத்தில் நிறுத்தி நோக்குதல் பயனுடையது. கிளிநொச்சி மாவட்டத்தின் வடபால், ஆனையிறவுக்கும் கொடிகாமத்துக்கும் இடையே, பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தில் அமைந்தது பளை. தென்னந்தோட்டங்களாற் பெயர்பெற்ற அவ்வூருக்கு 2014 ஆம் ஆண்டு இரு மாற்றங்களைக் கொணர்ந்தது. போரினால் 1990 இல் நின்றுபோன வடபகுதிப் புகையிரத சேவை அவ்வாண்டு மார்ச் மாதத்திற் பளை வரை மீண்டது. கடனீரேரிக் கரையை ஒட்டிக் காற்றாலைகளும் எழுந்தன. சோளகம், வாடை, கொண்டல், கச்சான் எனத் திசை குறித்துக் காற்றுக்குப் பெயரிட்டு வழங்கிய மக்களின் நிலத்தில், அக்காற்று இன்று எண்ணாகவும் பதிவு பெறுகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அதே மாவட்டத்தில், அறிவியல் நகரில் இயங்குகின்றது. பளைக் காற்று ஒரு மாணவரின் ஆய்வுப் பொருளாவது இந்நிலையில் இயல்பே.

காற்றுவலு ஆய்விற் காற்றின் வேகம் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை சராசரியாக்கிப் பதியப்படுவது வழக்கம். மணிக்கு 6 பெறுமானங்கள், நாளொன்றுக்கு 144, ஆண்டொன்றுக்கு 52,560. இவற்றைப் பைதன் மொழியின் மற்பிளொட்லிப் என்னும் நிரற்றொகுதியைக் கொண்டு ஒரு மாணவர் வரைபாக்குகிறார் என்று கொள்ளலாம். எவ்வித மாற்றமும் செய்யாதவிடத்து அத்தொகுதி சேமிக்கும் படம் 640 படப்புள்ளி அகலமும் 480 படப்புள்ளி உயரமும் உடையது. ஓரங்கள் நீங்க, வளையி அமையும் சட்டகத்தின் அகலம் 496 படப்புள்ளிகள். அதாவது, ஒரு படப்புள்ளியின் அகலத்துள் நூற்றுக்கு மேற்பட்ட பெறுமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. திரையில் மாணவர் வரைபைப் பெரிதாக்கிச் சோளகத்தின் ஒரு பிற்பகலைத் தனியே காணமுடியும். சேமித்த படத்தில் அப்பிற்பகல் இல்லை. நீலநிறத் திரளொன்று மட்டுமே எஞ்சுகின்றது.

இவ்விழப்பு அழகியல் சார்ந்ததன்று. காற்றிலிருந்து பெறத்தக்க வலு வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு விகிதசமமானது. ஓரிடத்தில் அரைவாசி நேரம் செக்கனுக்கு 4 மீற்றரும் மீதி நேரம் செக்கனுக்கு 8 மீற்றரும் காற்று வீசுமாயின் சராசரி வேகம் 6 மீற்றர். 6 இன் மூன்றாம் அடுக்கு 216. ஆனால் 4 இன் மூன்றாம் அடுக்காகிய 64, 8 இன் மூன்றாம் அடுக்காகிய 512 ஆகியவற்றின் சராசரியோ 288. சராசரியை மட்டும் கொண்டு கணித்தவர் உண்மை வலுவின் நாலிலொரு பங்கை இழந்தவராவார். திரண்டுபோன படத்திலிருந்து கண்ணளவையாற் சராசரியை ஊகிக்கலாம். மூன்றாம் அடுக்கின் சராசரியை ஊகித்தல் இயலாது. ஆகவே, படத்தை மட்டும் பெற்றுக்கொண்ட அடுத்த ஆய்வாளர் பளையின் காற்றைப் பெற்றுக்கொண்டவரல்லர்.

வரைபுத்தாளிலிருந்து திரைக்கு

இந்நிலை எவ்வாறு தோன்றியது என்பதை அறிவதற்கு வரைபின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1786 இல் உவில்லியம் பிளேஃபெயர் இங்கிலாந்தின் வணிகத்தைக் கோடுகளாற் காட்டிய காலந்தொட்டு, ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக வரைபு கையால் ஆக்கப்பட்ட பொருளாகவே இருந்தது. அதன் ஒழுக்கத்தை ஈழத்துப் பாடசாலைகள் நன்கு பேணின. சாதாரண தர மாணவர் இருபடிச் சார்பொன்றின் வரைபை வரையும்போது முதலிற் பெறுமான அட்டவணையை நிரப்புவர், அளவிடையைத் தெரிந்து எழுதுவர், அச்சுக்களைப் பெயரிடுவர், புள்ளிகளைக் குறிப்பர், இறுதியிலேயே வளையியை வரைவர். ஒரே தாளில் தரவும் முறையும் படமும் சொல்லும் உடனிருக்கும். வரைந்து முடித்தலும் சேமித்தலும் அங்கு ஒன்றே. மாணவர் எழுந்து சென்ற பின்னும் தாள் பேசிக்கொண்டிருக்கும்.

கணினி வரைபின் தொடக்கநிலையிலும் இவ்வொருமை பெருமளவு நிலவியது. 1970களின் இறுதியில் நியூ மெக்சிக்கோப் பல்கலைக்கழகத்திற் கிளீவ் மோலர் மாணவர்க்கென ஆக்கிய முதல் மற்லாப், உடுக்குறிகளை வரிவரியாக அச்சிட்டே வரைபைக் காட்டியது. உருவம் செம்மையற்றது, ஆயினும் அது எண்களோடும் கட்டளைகளோடும் சேர்ந்து ஒரே எழுத்துத் தொடராக வெளிவரக்கூடியது. 1984 இல் மற்லாப் வணிகப் பொருளாகியது. படத்திரைகளும் சாளரங்களும் பரவின. 1986 இற் குனுபிளொட், 1988 இல் மெத்மற்றிக்கா, 2003 இல் மற்பிளொட்லிப் என ஒன்றன்பின் ஒன்றாக மென்பொருள்கள் தோன்றின. வரைபு தாளிலிருந்து திரைக்குச் சென்றபோது அழகும் விரைவும் பெற்றது. அதே வேளையிற் காட்சியும் சேமிப்பும் பிரிந்தன. இப்பிரிவு தவிர்க்க முடியாதது. பிரிவை ஒவ்வொரு மென்பொருளும் எவ்வாறு எதிர்கொண்டது என்பதிலேயே அவற்றின் தராதரம் வெளிப்படுகின்றது.

நான்கு விடைகள்

மற்பிளொட்லிப்பை ஆக்கிய ஜோன் ஹண்டர் மூளையின் மின்குறிகளை ஆராய்ந்தவர். 2012 இற் காலமானவர். தம் ஆய்வுக்குத் தேவைப்பட்ட கருவியைத் தாமே ஆக்கி உலகுக்கு இலவசமாக வழங்கிய அவரது கொடை போற்றுதற்குரியது. வசதி குறைந்த பல்கலைக்கழகங்கள் பணம் செலுத்தாமல் உயர்தர வரைபுகளை ஆக்குவது அத்தகையோரால் இயன்றது. எனினும் காட்சிக்கும் சேமிப்புக்கும் இடையிலான உறவில் அத்தொகுதி புதியவரை இடறச்செய்கின்றது. தனி நிரலாக இயங்கும்போது ‘ஷோ’ என்னும் காட்டற் கட்டளை சாளரத்தைத் திறந்து காத்திருக்கும். பயனாளர் பார்த்து மகிழ்ந்து சாளரத்தை மூடியவுடன் வரைபும் அழிந்துவிடும். அதன்பின் ‘சேவ்ஃபிக்’ என்னும் சேமிப்புக் கட்டளை வருமாயின் கிடைப்பது வெற்றுப்படம். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது; வெண்மையான கோப்பு ஒன்று அமைதியாகப் பதிவாகும். கண்டபின் சேமித்தல் என்பது மனித இயல்பு. சேமித்தபின் காணல் என்பது இக்கருவியின் நியதி.

ஜூபிட்டர் குறிப்பேட்டில் இம்முரண் மேலும் நுட்பமானது. அங்கு ஒரு கூட்டில் வரைபைக் கண்டு அடுத்த கூட்டிற் சேமிக்க முனைபவர் மீண்டும் வெற்றுப்படத்தையே பெறுவர்; கூடு முடிந்தவுடன் வரைபு மூடப்பட்டுவிடுவதே காரணம். அன்றியும், குறிப்பேடு காட்டும் படம் எழுத்துக்கள் அனைத்தையும் உள்ளடக்குமாறு ஓரங்களைத் தானே சீர்செய்து காட்டுகின்றது. சாதாரணமாகச் சேமிக்கும் கட்டளையோ அவ்வாறு செய்வதில்லை. ஆகவே திரையில் முழுமையாகத் தெரிந்த அச்சின் பெயர் கோப்பில் அரைவாசி வெட்டுண்டு நிற்பதுண்டு. கண்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

வணிக மென்பொருளாகிய மற்லாப் இக்குறைக்கு விலக்கன்று. 2016 இன் முதற் பதிப்பில் மாற்றம் செய்யப்படும்வரை, அதன் இயல்புநிலையில் சேமித்த படத்தின் அளவு திரையிற் கண்ட சாளரத்தின் அளவைப் பின்பற்றவில்லை. தாளுக்கென வகுக்கப்பட்ட வேறோர் அளவையே பின்பற்றியது. அளவு மாறும்போது அச்சின் குறியீட்டு எண்களும் மாறக்கூடும். புதிய வரைபு ஒன்றை ஆணையிட்டால், முன்னையதைப் பிடித்துவைக்குமாறு தனியே கூறாதவிடத்து, அது பழையதன்மீதே எழுதப்பட்டுவிடும். ஆயினும் அதன்பால் ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. ‘ஃபிக்’ என்னும் அதன் சொந்தக் கோப்பு வகை, படத்துடன் வளையியின் தரவையும் ஏந்திச் செல்வது. பின்னொருநாள் அதனைத் திறப்பவர் எண்களை மீட்டெடுக்கலாம். மற்லாப்பே இல்லாதவருக்கு அக்கதவு எளிதில் திறவாது என்பது அச்சிறப்பின் எல்லை.

மெத்மற்றிக்காவின் வரலாறு இவ்வகையிற் படிப்பினை மிக்கது. அதன் முற்பதிப்புகளில் வரைபு திரையில் தோன்றுவது கட்டளையின் பக்கவிளைவாகவே கருதப்பட்டது. காட்சியை அடக்குவதற்குத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. 2007 இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் இந்நிலை மாறியது. வரைபும் எண்ணைப் போல, அணியைப் போல, ஒரு பெறுமானம் ஆகியது. அதனை ஒரு மாறிக்கு வழங்கலாம், வேறொன்றுடன் இணைக்கலாம், அரைப்புள்ளியிட்டு மறைக்கலாம், வேண்டியபோது காட்டலாம். கனடாவின் வாற்றர்லூப் பல்கலைக்கழகத்தில் உருவான மேப்பிளும் வரைபைத் தரவுக் கட்டமைப்பாகவே கொள்கின்றது. காட்சி என்பது பொருளின் ஒரு நிலை. பொருள் அதற்கு அப்பாலும் உளது என்னும் தெளிவு இங்கு காணப்படுகின்றது. கருத்துநிலையில் இது மற்றையவற்றினும் உயர்ந்த விடை.

மிக எளிய விடை குனுபிளொட்டினுடையது. படக்கோப்பை ஆக்குவதில் அதுவும் புதியவரைச் சோதிப்பதே. வெளியீட்டுக்கெனத் திறந்த கோப்பை முறைப்படி மூடாதவரை படம் முழுமையடையாது கிடக்கக்கூடும். ஆனால் அம்மென்பொருளில் ‘சேவ்’ என்னும் கட்டளை படத்தைச் சேமிப்பதன்று. அமைப்புகள், மாறிகள், சார்புகள், இறுதியாக இட்ட வரைபுக் கட்டளை ஆகியவற்றை எழுத்துக் கோப்பாக எழுதுவதே அதன் தொழில். சேமித்தல் என்ற சொல்லுக்கு அம்மென்பொருள் தந்த பொருள் ‘மீண்டும் ஆக்குவதற்கான வழியைப் பேணல்’ என்பதாகும். தரவுக் கோப்பு உடனிருக்குமாயின், வெறும் எழுத்துக்களாலான அப்பதிவை எந்தக் கணினியிலும் திறந்து வாசிக்கலாம். பாடசாலை மாணவரின் வரைபுத்தாளுக்கு மிக நெருங்கி வருவது இவ்விடையே எனின் மிகையாகாது.

எழுத்து என்னும் உரைகல்

காட்சிக்கும் சேமிப்புக்கும் இடையிலான வேறுபாட்டைத் தமிழ் எழுத்தைப் போல் வேறெதுவும் தெளிவாகக் காட்டுவதில்லை. ஈழத்து மாணவர் உயர்தரம் வரை இணைந்த கணிதத்தைத் தமிழிற் பயில்வர். வரைபு, வளையி, அணுகுகோடு, திரும்பற்புள்ளி ஆகிய சொற்கள் அவர்க்குச் சிந்தனையின் சொற்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ் நூல்களாக்கிய மண் இது. அத்தகைய மாணவர் தம் ஊராரும் வாசிக்கத்தக்க வரைபொன்றைத் தமிழ்ப் பெயர்களுடன் ஆக்க விரும்பின் நிகழ்வது யாது?

யுனிகோட் முறையில் தமிழ் எழுத்துக்கள் ஒலிப்பு ஒழுங்கிற் சேமிக்கப்படுகின்றன. ‘வே’ என்பதில் வகரம் முன்னும் இரட்டைக்கொம்பு பின்னும் பதியப்படும். திரையில் எழுதும்போது கொம்பை வகரத்தின் முன்னே கொணர்வது எழுத்தடுக்கும் நிரலின் பொறுப்பு. மற்பிளொட்லிப்பின் பல பதிப்புகளில் நெடுங்காலம் அப்பொறுப்பு நிறைவேறவில்லை. சேமித்த ஒழுங்கிலேயே வடிவங்களை ஒன்றன்பின் ஒன்றாக அது அடுக்கியது. அதன் விளைவாக ‘வேகம்’ என்ற சொல் ‘வகேம்’ என்பது போலத் தோன்றியது. ‘தமிழ்’ என்னும் சொல்லை இட்டுச் சோதிப்பவர் இக்குறையைக் காணமாட்டார். அச்சொல்லிற் கொம்பு இல்லை. யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய பெயர்களும் ஏறத்தாழப் பழுதின்றித் தப்பும். கிளிநொச்சியின் ஒகரக் குறி உரிய எழுத்தைச் சூழாமல் அதன் பின்னே குவியும். முல்லைத்தீவின் ஐகாரக் குறி லகரத்தை விட்டுத் தகரத்தின் முன் சென்று சேரும். பளையிலோ அக்குறி ளகரத்தின் பின்னே பற்றுக்கோடின்றி நிற்கும். ஊரின் காற்றை ஆயிரக்கணக்கான எண்களாற் காட்டும் வரைபு அவ்வூரின் இரண்டெழுத்துப் பெயரைச் சரிவர எழுதமாட்டாதிருந்தது.

இதற்கு நேர்மாறானது பாமினி எழுத்துரு. யுனிகோட் பரவுவதற்கு முன்னரே இலங்கையில் வேரூன்றிய அவ்வெழுத்துருவிற் கொம்பு கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே தட்டச்சிடப்படும். ஆதலின் எந்த மென்பொருளும் அதனைத் திரையிற் பிழையின்றிக் காட்டும். ஆனால் கோப்பினுள் இருப்பது தமிழன்று. ‘தமிழ்’ என்று திரையிற் காணப்படும் சொல், கோப்பில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற குவியல். தேடினாலும் அகப்படாது.

ஒன்றிற் காட்சி செம்மையானது, சேமிப்புப் பொய்யானது. மற்றதிற் சேமிப்பு உண்மையானது, காட்சி சிதைந்தது. இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் நிலைக்குத் தமிழ் மாணவர் தள்ளப்பட்டமை கவனத்திற்குரியது. பலர் மூன்றாம் வழியாக ஆங்கிலப் பெயர்களையே இட்டு அமைந்தனர். தமிழில் அறிவியல் வளரவில்லை என்று மேடைகளில் வருந்துவோர் இத்தகைய சிறு தடைகளின் பெருவிளைவை எண்ணிப் பார்ப்பதில்லை. தடை நீக்க முடியாததும் அன்று. எழுத்தடுக்கும் பணியைப் பாங்கோ என்னும் நிரற்றொகுதியிடம் ஒப்படைக்கும் குனுபிளொட்டின் சில வெளியீட்டு முறைகள் தமிழைச் செவ்வனே எழுதுவன. மற்பிளொட்லிப்பிலும், எஸ்விஜி என்னும் கோட்டுருப் படவகையில் எழுத்தை வடிவமாக மாற்றாது எழுத்தாகவே வைக்குமாறு பணித்தால், அதனைத் திறக்கும் இணைய உலாவி கொம்பை உரிய இடத்தில் நிறுத்திவிடும். இவ்விரண்டாவது முறை மிக்க பயனுடையது. அங்கு சேமிப்பும் யுனிகோட், காட்சியும் செம்மை. வரைபினுள் இருக்கும் ‘பளை’ என்னும் சொல்லைத் தேடியும் காணலாம்.

காட்சியின் நியாயம்

இவ்வளவு கூறியமை காட்சியைத் தாழ்த்துவதற்கன்று. 1973 இற் பிரான்சிஸ் அன்ஸ்கம் என்னும் புள்ளிவிபரவியலாளர் பதினொரு புள்ளிகள் கொண்ட நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். சராசரி, மாறற்றிறன், தொடர்புக் குணகம் ஆகியன நான்கிலும் ஏறத்தாழ ஒன்றே. வரைந்து பார்த்தாலோ ஒன்று நேர்கோட்டைச் சார்வது, ஒன்று வளைவது, ஏனைய இரண்டும் ஒற்றைப் புள்ளியொன்றினாற் புரட்டப்படுவன. எண்கள் மறைத்ததைக் கண் கண்டது. ஆராய்ச்சியின்போது ஒரு மாணவர் நூறு வரைபுகளை ஆக்கி அழிப்பது வீண்செயலன்று. அது சிந்திக்கும் முறை. அவ்வனைத்தையும் சேமிக்குமாறு மென்பொருள் வற்புறுத்துமாயின் சிந்தனை சுமையாகிவிடும். இருபதுக்கு மேற்பட்ட வரைபுகள் மூடப்படாது திறந்திருப்பின் மற்பிளொட்லிப் எச்சரிக்கை விடுப்பதும் நினைவகத்தைக் காப்பதற்கான நல்லேற்பாடே.

பயனாளர் கற்றுக்கொண்டால் இக்குறைகள் அனைத்தும் நீங்கும் என்பாரும் உளர். செறிவைக் கூட்டலாம், ஓரங்களைச் சீர்செய்யலாம், காட்டுமுன் சேமிக்கலாம். உண்மையே. ஆனால் மென்பொருளின் இயல்புநிலை அமைப்பு என்பது சொல்லாமற் சொல்லும் பாடம். முதலாண்டு மாணவர் கையேட்டை வாசித்தபின் கருவியைத் தொடுவதில்லை. கருவி எதனைத் தானே தருகின்றதோ அதனையே முறையெனக் கொள்கின்றனர். வெற்றுப்படத்தைச் சிலமுறை பெற்ற மாணவர் அதன் காரணத்தைத் தேடாது திரையைப் படம்பிடித்து அறிக்கையில் ஒட்டக் கற்றுக்கொள்கின்றனர். கையடக்கத் தொலைபேசியால் எடுத்த படமும் அவ்வாறே அறிக்கையினுள் நுழைகின்றது. அந்நிலையில் வரைபு முற்றாகக் காட்சியாகிவிட்டது. தரவு ஒரு கணினியில், நிரல் வேறொரு கணினியில், படம் அச்சில். ஓராண்டு கழிந்தபின் மூன்றையும் ஒன்றுசேர்க்க அம்மாணவராலும் இயலாது. கற்பிப்போர் பங்கும் இதில் உண்டு. அறிக்கையிற் படத்தின் பொலிவுக்குப் புள்ளி வழங்கி, அதன் தரவுக் கோப்பைக் கேளாது விடும் மதிப்பீட்டு முறை மென்பொருளின் குறையை உறுதிப்படுத்துகின்றது.

பேணுதல் என்னும் கடமை

சேமிப்பைப் பற்றிய இவ்வற்புறுத்தல் பிற நாடுகளில் ஒழுங்குமுறை சார்ந்த விடயமாக மட்டும் கொள்ளப்படலாம். வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அது வாழ்ந்தறிந்த பாடம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. போரின் ஆண்டுகளிற் பளையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. எடுத்துச் செல்ல முடிந்தவற்றுள் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் இருந்தன. பாடசாலைப் பதிவேடுகளும் அலுவலகக் குறிப்புகளும் பெரும்பாலும் விடுபட்டன. இருந்தது ஒரே பிரதி, அது ஓரிடத்தில் என்னும் நிலையின் விலை இங்கு உணரப்பட்டது.

2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடிப் பேணும் பெரும்பணியைச் செய்து வருகின்றது. கட்டுரையொன்று வருடப்படும்போது அதன் சொற்கள் மீள்கின்றன. அக்கட்டுரையில் வரைபொன்று இருப்பின் அதன் உருவம் மட்டுமே மீள்கின்றது. உருவத்தின் பின்னிருந்த எண்கள், முதலிலேயே அச்சிடப்படாதவிடத்து, மீள்வதில்லை. எந்த ஆவணக் காப்பகமும் தன்னிடம் ஒப்படைக்கப்படாததைக் காக்க முடியாது. எனவே பேணுதலின் முதற்படி காப்பகத்தில் அன்று, வரைபை ஆக்குபவரின் கணினியிலேயே தொடங்குகின்றது. பளைக் காற்றின் 52,560 எண்களையும் எளிய எழுத்துக் கோப்பாக எழுதினால் அது ஓர் ஒளிப்படத்தின் அளவை எட்டுவதும் அரிது. இடமின்மை இங்கு ஒரு காரணமாகாது. சேமிக்க வேண்டியது எது என்னும் தெளிவின்மையே காரணம்.

அத்தெளிவைக் கொண்டு நோக்கின், கணித மென்பொருளின் வரைபுப் பகுதியை மதிப்பிடுதற்கு நான்கு வினாக்கள் போதுமானவை. கண்ட வரைபும் கோப்பிலுள்ள வரைபும் ஒன்றா? படத்துடன் தரவும் கட்டளையும் சேர்ந்து பேணப்படுகின்றனவா? அம்மென்பொருள் மறைந்த பின்னும் அவற்றை வாசிக்க இயலுமா? வரைபிலுள்ள சொற்கள் ஆக்கியவரின் மொழியில், காட்சியிலும் கோப்பிலும் ஒருங்கே மெய்யாக நிற்கின்றனவா? இவ்வினாக்களுக்கு முழுமையான விடை தருவது மேற்கூறிய மென்பொருள்களுள் எதுவும் இல்லை. வரைபைப் பொருளாகக் கருதிய தெளிவு மெத்மற்றிக்காவுக்கும் மேப்பிளுக்கும் உரியது. தரவைப் படத்தோடு பிணைத்த நன்மை மற்லாப்புக்கு உரியது. வழியை எழுத்தாகப் பேணிய எளிமை குனுபிளொட்டுக்கு உரியது. யாவர்க்கும் எட்டும் பொதுமை மற்பிளொட்லிப்புக்கு உரியது. அவற்றுள் விலையின்றிப் பெறத்தக்கன இரண்டும், நிரலும் தரவும் திறந்த எழுத்துக் கோப்புகளாக உடன் வைக்கப்படுமாயின், ஈழத்துப் பல்கலைக்கழகங்களின் தேவைக்குப் போதுமானவை. வரைபுக்கொரு கோப்புறை, அதனுள் தரவு, நிரல், படம், அலகையும் நாளையும் கருவியின் பதிப்பையும் கூறும் சிறு குறிப்பு, அதன் பிரதியொன்று வேறோர் ஊரில் — இவ்வளவே தேவை. அறிவியல் நகரிலும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலும் இறுதியாண்டு ஆய்வறிக்கைகளை ஏற்கும்போது இதனைக் கட்டாயமாக்குவதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. ஆண்டுதோறும் மாணவர் மாறுவர், மென்பொருளின் பதிப்பும் மாறும். பளையிற் சோளகம் மீண்டும் வீசும்போது புதிய அளவீட்டை ஒப்பிடுவதற்குப் பழைய எண்கள் இருக்குமா என்பதை அக்கோப்புறையே தீர்மானிக்கும்.